இல்லை என்ற விடைக்கும் பரீட்சை வேண்டும்

2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஊர்தியாகிய ஸ்பிரிட், அக்கிரகத்துக் கணக்கில் 18-ஆம் நாளில் பேச்சிழந்ததற்குக் காரணம் சக்கரத்தின் பழுதன்று. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகப் பெருக, அவற்றின் அட்டவணையை வைத்துக்கொள்ள வேறு நினைவகத்தில் இடம் கேட்ட மென்பொருளுக்கு அது கிடைக்காமற்போக, கணினி தன்னை நிறுத்தி மீண்டும் மீண்டும் எழுப்பிக்கொண்டிருந்ததேயாகும். ஃபிளாஷைத் தொடாமல் எழும்பும்படி பூமியிலிருந்து கட்டளையிட்டு அதனை மீட்டது பொறியாளர்களின் சாமர்த்தியம். ஆனால் பிற்காலச் சாமர்த்தியத்தை நம்பி யந்திரங்களைச் சமைக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

கேட்ட நினைவகம் கிடைக்காதபோது செல்ல வேண்டிய வழி பல நிரல்களில் ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கும். அவ்வழியே ஒருவரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளை ஆக்கியோர் கையாளும் யுக்தி மிகச் சிலாக்கியமானது: முதல் வேண்டுகோளை வேண்டுமென்றே மறுத்து விளைவைக் காண்பது, பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை என, மறுப்பே நேராமல் காரியம் முடியும் வரையில் தொடர்வது. சலிப்பூட்டும் வேலைதான், கணினியே செய்வதால் சலிப்பு யாருக்கு? லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலாகிய கர்னலிலும் இவ்வாறு மறுத்துப் பார்க்கும் வசதி உண்டு.

இருதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளும் நிரலால் இயங்குவனவே; அவற்றை வாங்கும் ஆஸ்பத்திரிகள், இப்பரீட்சையின் பதிவைக் காட்டாத சரக்கை ஏற்க மறுக்க வேண்டும்.