இரக்கம் சோர்வுறுமோ?

பேரிடர் நீங்கியதும் மீட்புப் பணியாளருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் இரவு அவர் உறங்கினாரா என விசாரிப்பார் அரியர். இம்மாதம் அது குறித்தே அன்பர்களோடு அளவளாவ விரும்புகிறோம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபொழுது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய நம் கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. ஒன்பது திங்கள் நிறையுமுன், 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில், நம் கரையின் மீனவர்களே வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கு விரைந்தனர். கேரளமெங்கும் மீனவர் மீட்டோர் சுமார் 65,000 பேர் என்பது அரசின் கணக்கு. நிஷாகந்தி அரங்கில் பாராட்டு விழாவும் நடந்தது. தம் வீட்டுத் துக்கமே ஆறாதவர் பிறர் கூக்குரலையும் கேட்டுத் திரும்பினாரெனில், அச்சுமையை எங்கே இறக்கி வைப்பார்?

2024 ஜூலையை எண்ணிப் பாருங்கள். 13ஆம் தேதி, இந்நகரின் ரயில் தண்டவாளங்களுக்கு அடியிற் செல்லும் ஆமயிழஞ்சான் கால்வாயில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் காணாமற்போனார். தீயணைப்புப் படையினர் குப்பையும் இருளும் அடைத்த நீரில் மூழ்கித் தேடினர். 15ஆம் தேதி உடல் கிடைத்தது. அதே மாதம் 30ஆம் தேதி விடியுமுன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணிற் புதைந்தன. சாலியாறு அடித்துச் சென்ற உடல்களை, சில வேளை உடலின் துண்டங்களை, நிலம்பூர்ப் பக்கத்தில் தொண்டர்கள் திரட்டினர். புத்துமலையில் அடையாளம் தெரியாதோரின் குழிகளுக்குப் பெயருக்குப் பதில் எண் இடப்பட்டது. அவ்வெண்ணை எழுதிய கையும் ஒரு மனிதனுடைய கைதானே!

நாம் அறிந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் அங்கே தொண்டு செய்து மீண்டார். "ஊருக்கெல்லாம் ஓடினவன், பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றாற்கூட எட்டிப் பார்க்கமாட்டேன் என்கிறான், ஐயா! கல்நெஞ்சனாகிவிட்டானோ?" என அவர் தாயார் நம்மிடம் குறைப்பட்டார். கல்நெஞ்சன்று அது. 1992இல் அமெரிக்கத் தாதியர் இதழொன்றில் கார்லா ஜாய்ன்சன் இதற்கு இரக்கச் சோர்வு என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். பிறர் துயரை ஓயாது சுமந்த நெஞ்சு மரத்துப்போதல் என்க. இதன் உடன்பிறப்பு இன்னொன்று: தமக்கு நேராத விபத்தே தம் கனவில் வருதல், ஒரு நாற்றம் பட்டதும் உடல் நடுங்குதல். இரண்டையும் கோழைத்தனம் என்பார் அறியாதவர்.

நாம் ரயில்வே குமாஸ்தா. ரயில் ஓட்டுநருக்கு இரு பணிகளுக்கிடையே இத்தனை மணி ஓய்வு என விதியுண்டு, மீறினால் கேள்வியுண்டு. மீட்புக்குச் செல்வோருக்கோ, அதிலும் சம்பளமில்லாத் தொண்டருக்கு, எவர் நேரம் குறிக்கிறார்? ஆள் மாற்றி அனுப்புதலும், உடன் சென்றோர் பின்னரும் கூடிப் பேசுதலும் செலவற்ற காரியங்கள். திரும்பியவரைச் சூழ்ந்து, "என்ன கண்டாய், சொல்!" எனத் துருவுதல் மட்டும் வேண்டாம். அவ்வாறு உடனே சொல்ல வைத்தல் நோயைத் தடுப்பதில்லை என்பதே மனநல வைத்தியர்களின் இன்றைய கருத்து. அவராகச் சொல்லும்போது கேட்பது வேறு.

அத்தாயாரிடம், பிள்ளையைச் சில நாள் உறங்க விடுமாறும், வாரங்கள் பல சென்றும் தேறாவிடில் வைத்தியரிடம் காட்டுமாறும் கூறினோம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணை அவர் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.