வாக்கும் வரிக்கணக்கும்

2016-இல் காலம் முடிந்த மதுரை மாமன்றத்திற்கு அடுத்த தேர்தல் 2022-இல்தான் வாய்த்தது. இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாக நகரைத் தனி அலுவலரே ஆண்டனர். அதனை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோர் சிலரே. 100 வட்டங்களுள் 67-ஐத் தி.மு.க. வென்றதும் ஒருசாரார் வெடி வெடித்தனர். மறுசாரார் பணம் வென்றதென நொந்தனர். கணக்கை இருசாராரும் நினைந்திலர்.

பெருங்கட்டடங்களின் வரியைக் குறைத்துப் பதிந்ததாக எழுந்த முறைகேடு 2025-இல் வழக்காயிற்று. மண்டலத் தலைவர்கள் விலகினர். மாநகரத் தலைவரும் விலகினார். வெடி வெடித்தோர் அன்று வாய் திறந்திலர்!

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் குடவோலையினின்றே விலக்கிற்று. நிலமுடைய மறையவர்க்கு மட்டுமே உரிய தேர்தல் அது. ஆயினும் அவ்விதி நன்று. வட்டந்தோறும் வரிக்கணக்கை எழுதி ஒட்டுமாறு மதுரையார் இன்றே கேட்கலாம்.