ஆறு தானே திருந்தவில்லை

நம் கல்லூரிப் பொருளியல் மன்றம் நடத்திய பட்டிமன்றத்தில் "தொழில் வளர்ச்சியே முதன்மையானது" என்ற அணியில் நின்று பேசியவன் நான். அன்று பலத்த கைதட்டலைப் பெற்றுத் தந்த வாதம் ஒன்று உண்டு. "அமெரிக்காவில் தீப்பற்றி எரிந்த கயஹோகா ஆற்றின் பள்ளத்தாக்கு இன்று தேசியப் பூங்காவாகத் திகழ்கிறது. ஆலைகள் செல்வம் தந்தன. போன இயற்கையும் திரும்பி வந்தது. ஆகவே முதலில் வளர்வோம், இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று முழங்கினேன். பரிசும் கிடைத்தது. அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஆற அமரப் படித்தபோதுதான், நான் சொன்னது பாதி உண்மை என்பது புரிந்தது. மறுபாதியை இம்மலரில் சொல்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

கயஹோகா, ஓஹையோ மாநிலத்தில் வளைந்து நெளிந்து ஓடி ஈரி ஏரியில் கலக்கும் ஆறு. அதன் கரையில் இரு பெருநகரங்கள். மேலே ரப்பர்த் தொழிலுக்குப் பேர்போன ஏக்ரன். கழிமுகத்தில் எஃகுக்கும் எண்ணெய்க்கும் பேர்போன கிளீவ்லாந்து. இவ்விரண்டையும் இணைத்து 1827ஆம் ஆண்டில் கால்வாய் திறக்கப்பட்டது. பின்னர் இரயில் பாதை வந்தது. இடைப்பட்ட பள்ளத்தாக்கில் காகித ஆலைகளும் கல்குவாரிகளும் குப்பைக் கிடங்குகளும் இடம்பிடித்தன. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் ஆற்றோடு போயின. கிளீவ்லாந்துப் பகுதியில் 1868 தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட முறை ஆற்றின்மேல் படிந்த எண்ணெயில் தீப்பற்றியது. ஆனால் நெடுங்காலம் அது வளமையின் அடையாளமாகவே கருதப்பட்டது!

1969 ஜூன் 22 அன்று மீண்டும் தீப்பற்றியது. அரைமணி நேரத்திற்குள் அணைந்துவிட்ட சிறு தீ அது. 'டைம்' வார இதழ் அச்செய்தியோடு வெளியிட்ட படம்கூட 1952ஆம் ஆண்டுத் தீயின் படமே. ஆயினும் நாடு விழித்துக்கொண்டது. கிளீவ்லாந்து மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் மறுநாளே செய்தியாளர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று காட்டினார். 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அமைந்தது. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில் இடைப்பட்ட பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஃபோர்ட் கையெழுத்திட்டார். அதற்காகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் சைபர்லிங், குட்இயர் டயர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரின் பேரன் என்பது எண்ணத்தக்கது. 2000ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு சுமார் 33,000 ஏக்கர்.

இனி என் வாதத்தை உடைத்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். இரண்டும் அப்பூங்காவுக்குள்ளேயே உள்ளவை.

முதலாவது, பழைய மோட்டார்களின் உடைசல் குவிந்து கிடந்த ஒரு நிலம். 1984இல் சியரா கிளப் என்னும் அமைப்பின் தொண்டர்கள் அந்த உடைசல்களை அள்ளி அகற்றினர். பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்குகள் பழைய கால்வாயில் அணை கட்டின. நீர் தேங்கியது, இன்று அது பறவைகள் நிறைந்த சதுப்பு நிலம். இயற்கை திரும்பியது உண்மைதான். ஆனால் மனிதக் கை முதலில் குப்பையை அள்ளியதே!

இரண்டாவது, கிரெஜ்சி குப்பைக் கிடங்கு. பூங்காத் துறை அதை வாங்கிய பிறகே மண்ணில் நஞ்சு ஊறியிருப்பது தெரிய வந்தது. அங்கே எந்தப் பீவரும் உதவ முடியாது. அரசு வழக்குத் தொடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்கள் பொறுப்பேற்றன. மூன்று இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சு மண்ணும் கழிவும் அகற்றப்பட்டு, துப்புரவு 2012இல்தான் முடிந்தது. கொட்டுவதற்கு ஒரு லாரி போதும்; அள்ளுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பூங்காவுக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை அரசு வாங்கியது. ஆற்றைக் கெடுத்தவர்கள் அவ்வீட்டுக்காரர்கள் அல்லர். ஆனால் முதலில் மூட்டை கட்டியவர்கள் அவர்களே. பின்னாளில், 1999 முதல், பழைய பண்ணைகளை உழவர்களுக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்தைப் பூங்காவே தொடங்கியது. மனிதன் இருந்தால் இயற்கை வாழாது என்பதும் சரியன்று என்று காலம் காட்டியது.

2007இல் வெண்தலைக் கழுகு அங்கே குஞ்சு பொரித்தது. 2019இல் அந்த ஆற்று மீனை அளவோடு உண்ணலாம் என அரசு அறிவித்தது. தீப்பற்றிய நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகள்! சட்டம், வழக்கு, பணம், உழைப்பு, சிலரின் கண்ணீர் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, "இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் முடித்தேனே!

நான் இன்றும் தொழில் வளர்ச்சியின் பக்கமே நிற்கிறேன். வேலையின்றி வாடும் வீட்டில் பிறந்தவனுக்கு ஆலையின் அருமை தெரியும். ஆனால் ஆலையின் வரவுசெலவுக் கணக்கில் கழிவுக்கு ஒரு பத்தி முதல் நாளே இருக்கவேண்டும் என்கிறேன். அது இல்லாத இலாபம், பேரன் பெயரில் வாங்கிய கடனே. தும்பை விட்டு வாலைப் பிடிப்பவனுக்குக் கால் வலிதான் மிச்சம்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை அலுவலகங்களில் கோப்பில் கையெழுத்திடும் நாற்காலிகளில் அமரப்போகிறோம். அன்று எவரேனும் நம் எதிரில் நின்று, "இப்போதைக்கு அனுமதி கொடுங்கள், பிறகு ஆறு தானே சரியாகிவிடும்" என்று சொல்லக்கூடும். அப்போது என் பட்டிமன்றப் பேச்சை மறந்துவிடுங்கள். கிரெஜ்சி கிடங்கை நினைவில் வையுங்கள்.