நாத்து நட்ட மாதிரி இருக்கா? அடுத்த ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க!

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், மீஞ்சூரில் ஏறும் என் நண்பர் ஒருவர் சில மாதங்களாகத் தொப்பியோடுதான் வருகிறார். துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலை. வேலையிடத்தில் ஹெல்மெட், வெளியே தொப்பி. "என்னப்பா, சாயங்காலம் ஏழு மணிக்குமா வெயில் அடிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். நெற்றியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஒரு வரிசை முடி.

"நாத்து நட்ட மாதிரி இருக்குல்ல?" என்றார். சிரிக்கத்தான் முயன்றார், முடியவில்லை.

முடி நடும் சிகிச்சை செய்து எட்டு மாதம். இ.எம்.ஐ. இன்னும் முடியவில்லை. அடுத்த மாதமே வேறொரு கிளினிக்கில் "இன்னும் கொஞ்சம் அடர்த்தியா" நட்டுக்கொள்ள முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்பதை அவருக்குச் சொன்னபடியே இங்கேயும் எழுதுகிறேன். அவரைப் போல நிறைய பேர் தொப்பிக்குள் இருக்கிறார்கள்.

ஏன் செயற்கையாகத் தெரிகிறது?

நம் தலைமுடி ஒவ்வொன்றாகத் தனித்தனியே முளைப்பதில்லை. ஒரு வேர்க்கொத்திலிருந்து ஒன்று முதல் நான்கு முடிகள் வரை வரும். ஆனால் நெற்றியோரத்தில் மட்டும் பெரும்பாலும் ஒற்றை முடிகள்தான் இருக்கும். அவையும் மெல்லியதாக, முன்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் முன்னே பின்னே கலைந்து நிற்கும். அந்தக் கலைசல்தான் இயற்கை.

அந்த இடத்தில் மூன்று, நான்கு முடி உள்ள கொத்துகளை நட்டால், செங்குத்தாக நட்டால், நேர்க்கோட்டில் நட்டால், பொம்மைத் தலைபோலத் தெரியும். 18 வயதுப் பையனுக்கு இருக்கும் அளவுக்குக் கோட்டைக் கீழே இறக்கினால் 40 வயதில் அது முகத்தோடு ஒட்டாது. பின்னந்தலையில் ஒரே இடத்திலிருந்து அதிகமாக எடுத்தால் கரையான் அரித்ததுபோல் ஆகும்.

1950களில் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத் தோல் வட்டங்களோடு முடியை எடுத்து நட்டார்கள். அப்போது அப்படித்தான் தெரிந்தது, வேறு வழியில்லை. 1990களிலிருந்து வேர்க்கொத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து நடும் முறை பரவிவிட்டது. ஆகவே இன்று ஒருவர் தலை பொம்மைபோல் இருந்தால், பெரும்பாலும் குறை நட்டவரின் கையிலும் திட்டத்திலும்தான்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேதான் இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கத் தொடங்கும். முளைக்கும்போது சுருண்டும் முரடாகவும் இருக்கலாம், பிறகு பழகிவிடும். முழுத் தோற்றம் தெரிய ஓர் ஆண்டு, சிலருக்கு 18 மாதம்கூட ஆகும். எட்டாவது மாதத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது. காத்திருந்தால் அடர்த்தி கூடலாம், முரட்டுத்தனம் குறையலாம். கோடு நேராக இருப்பது மட்டும் காத்திருந்து சரியாகாது.

சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போவது ஆகியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பின்னந்தலை ஒரு டெபாசிட்

பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்த முடி அங்கே திரும்ப முளைக்காது. ஆயுளுக்கும் எடுக்கக்கூடிய முடிக்கு ஓர் அளவு உண்டு. அவசரத்தில் இரண்டாவது முறை தவறாகச் செய்தால், மூன்றாவது முறை சரிசெய்ய நினைத்தாலும் கையிருப்பு இருக்காது.

சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. நேர்க்கோட்டுக்கு முன்னால் ஒற்றை முடிகளைக் கலைத்து நட்டு மறைக்கலாம். தடித்த கொத்துகளைச் சிறு கருவியால் தோண்டி எடுத்து, பிரித்து, பின்னால் மாற்றி நடலாம். மிகவும் கீழே இறங்கிய வரிசையை லேசர் மூலம் நீக்கலாம். வெளுத்த தழும்புப் புள்ளிகளை, பச்சை குத்துவதுபோல நிறமி ஏற்றி மறைக்கலாம். பல நேரம் நல்ல சலூன்காரரின் கத்தரியே பாதி வேலையை முடித்துவிடும். எதுவும் முழுதாகப் பழையபடி ஆக்கிவிடாது. அதை நேராகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். "நூறு சதவீதம் கேரண்டி" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. நம்ம ஊரில் முடி கொட்டினால் உப்புத் தண்ணியையும் ஹெல்மெட்டையும் திட்டுவோம். மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது உண்மைதான். உப்புத் தண்ணியால் முடி வறண்டு போகலாம். ஆனால் நெற்றி இரு பக்கமும் ஏறுவதற்குக் காரணம் பரம்பரையும் டி.எச்.டி. என்ற ஹார்மோனும்தான். நட்ட பிறகும் அது நிற்காது. பின்னாலிருக்கும் பழைய முடி உதிர்ந்துகொண்டே போக, நட்ட வரிசை மட்டும் தனித் தீவாக நிற்கும். அதனால்தான் தோல் மருத்துவரின் ஆலோசனையோடு மருந்தைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டும்.

வெட்கம் யாருக்கு லாபம்?

என் நண்பர் அந்த கிளினிக்குக்குத் திரும்பப் போய்க் கேட்கவே இல்லை. "ஆம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம்னு சிரிப்பாங்க" என்றார். இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். நன்றாக வந்த தலைகள் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகின்றன. கெட்டுப்போன தலைகள் தொப்பிக்குள் போகின்றன. அடுத்து வருபவர் முதல் வகையை மட்டும்தான் பார்க்கிறார்.

அழகுக்காகச் செய்ததுதானே, உன் இஷ்டம், உன் பாடு என்பவர்கள் 2016ஐ நினைக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அந்த நிலையத்துக்கு அழகு நிலைய உரிமம்தான் இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்றது. விதி இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நீங்கள் கேட்கலாம். சிகிச்சைப் பதிவுகளை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. யார் நட்டார், எத்தனை கிராஃப்ட், என்ன மருந்து என்று பாருங்கள். மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் தவறு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மீஞ்சூர்க்காரர்களுக்கு அது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழிகாட்ட 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். முடி வளர ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் நுகர்வோர் வழக்குக்கான கெடு பொதுவாக 2 ஆண்டு. முடிக்குக் காத்திருங்கள், காகிதங்களுக்குக் காத்திருக்காதீர்கள்.

நண்பர் முன்பணம் கட்டவில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னேன். அங்கே யாரும் அவருக்குப் பேக்கேஜ் விற்கப் போவதில்லை. போன வாரம் ரயிலில் பார்த்தபோதும் தொப்பி தலையில்தான் இருந்தது. பையில் ஒரு ஃபைல் இருந்தது. பதிவுகளைக் கேட்டு வாங்கிவிட்டாராம்.