எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் பூட்டினீர்கள்?

கொரோனாவின்போது பள்ளியை மூடியதைத் தவிர வேறு வழியில்லை, பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள், கொஞ்சம் பாடம் போனதுதான் நஷ்டம். இன்றும் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். நல்ல வீடு வாய்த்தவர்களின் பேச்சு இது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாதம்! ஆனால் 2020 மே 7-ஆம் தேதியே டாஸ்மாக் கடைகளைத் திறக்க முடிந்தது. இடைவெளிக்கு வட்டம், கூட்டத்துக்குத் தடுப்புக் கட்டை, காவலுக்குப் போலீஸ் எல்லாம் ஏற்பாடாயின. குடித்துவிட்டு அடிக்கும் அப்பனோடு ஒற்றை அறையில் கிடந்த பிள்ளைக்குப் பகலில் உட்கார ஒரு வகுப்பறையை ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

மதியச் சோற்றுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனால் அது ஐந்து வாய்க்குப் பங்காகும். சத்துணவுக் கூடத்தில் தட்டில் விழுவது அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கே போகும். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. ஆனால் மூன்று நாள் வராத எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி, "அவ ஏன்டி வரல?" என்று பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் விசாரிக்க டீச்சர்தான் வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் சேதி அப்படித்தான் கசியும். அங்கிருந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போகும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் 2019-இல் நாடு முழுக்க 523 வழக்குகள், 2020-இல் 785 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். புகாரே வராமல் முடிந்த கல்யாணங்கள் இந்தக் கணக்கில் இல்லை. மாற்றுத்திறன் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். இயன்முறைப் பயிற்சி நின்றுபோய் இறுகிய மூட்டை எந்தச் செல்போன் வகுப்பும் நிமிர்த்தாது.

வேறு வழி இருந்தது. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோதே, சமூகப் பணியாளரின் கவனிப்பில் உள்ள பிள்ளைகளுக்கும், சிறப்புத் தேவையுள்ள பலருக்கும், மருத்துவமனை போன்ற அத்தியாவசியப் பணியில் இருப்போரின் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவைத்தார்கள். ஆபத்தில் இருந்த பிள்ளைகளில் முதல் வாரங்களில் வந்தவர்கள் மிகக் குறைவு. அதைக் காட்டித் திட்டமே வீண் என்று சொல்வது தவறு. வீடு தேடிப் போய்க் கூட்டிவர ஆள் வேண்டும் என்பதே அதில் தெரிவது. நம் ஊர்களில் அந்த ஆட்கள் உண்டு: தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று இவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

தொற்று பரவியிருக்காதா என்பார்கள். முப்பது பேர் படித்த அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஐந்து பேரை உட்காரவைத்தால் அபாயம் குறைவு. அந்த ஐந்து பேருக்கு வீட்டில் இருந்த அபாயம் பெரிது.

அடுத்து வெள்ளமோ நோயோ வந்து பள்ளிகள் மூடப்படுமுன், யாருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் தயாராக இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். தீர்மானமாக எழுதவைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.