கணக்கும் பந்து உதைக்கும்!

2023 நவம்பரில் எவர்டன் என்கிற இங்கிலீஷ் கால்பந்து டீமுக்கு ஒரே நாளில் 10 பாயிண்ட் போயிற்று. மேட்ச்சில் தோற்றதற்காக இல்லை சார், கணக்கு உதைத்ததற்காக! பதினோரு பேர் முட்டி மோதிச் சேர்த்ததை ஒரு கால்குலேட்டர் காலி பண்ணியது. (அப்பீலுக்குப் போய் 6 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். நம் ஆபீஸில் மெமோ வாங்கியவர் யூனியனைப் பிடித்து தண்டனையைக் குறைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி.)

அந்தச் சட்டம் இதுதான். பிரீமியர் லீகில் அப்போது ஒரு கிளப் மூன்று வருஷமும் சேர்த்து அதிகபட்சம் 10 கோடியே 50 லட்சம் பவுண்டு நஷ்டப்படலாம் என்று இருந்தது. அதைத் தாண்டினால் குற்றம். நஷ்டத்துக்கு லிமிட் வைத்து ஒரு சட்டம்! இதை நம் வீடுகளில் கொண்டுவந்தால் மாசம் இருபதாம் தேதிக்கு மேல் தெருவில் ஒரு ஆம்பிளை வெளியே நடமாட முடியாது.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் வாஷர்மென்பேட்டைக்கு வடக்கே வந்ததில்லை என்று அர்த்தம். மிச்ச சென்னை கிரிக்கெட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வடசென்னையில் இன்னும் கேரம், குத்துச்சண்டை, ஃபுட்பால். திருவொற்றியூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மான்செஸ்டர் சிட்டியின் பேலன்ஸ் ஷீட்டைப் பற்றி உங்களுக்கு இலவசமாக க்ளாஸ் எடுப்பார்கள்.

அப்படித்தான் எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் பார்க்கிற நண்பர் ஒருவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். "துட்டு கீறவன் செலவு பண்றான். அவன் பாட்டன் சொத்து. நடுவுல உனக்கு இன்னாபா?"

கேள்வி சோக்காத்தான் இருந்தது. ஆனால் கிளப் என்பது பாட்டன் சொத்து இல்லையே! 1885-ல் ஆரம்பித்த பரி என்ற இங்கிலீஷ் கிளப்பை 2019-ல் பணப் பிரச்னையால் லீகை விட்டே வெளியேற்றினார்கள். அதன் கடைசி முதலாளி அதை வாங்கிய விலை ஒரு பவுண்டு. அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை மத்தியானம் மேட்ச் பார்க்கப் போகிற ஊர்க்காரன் எங்கே போவான்? ஆக, கடிவாளம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் வாயில், எத்தனை இறுக்கமாக என்பதில்தான் பேஜார்.

பிரீமியர் லீக் அடுத்து ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். 2026-27 சீசனிலிருந்து வருமானத்தில் 85 சதவீதம் வரை டீமுக்குச் செலவழிக்கலாம். ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு யூஈஎஃப்ஏ வைத்திருப்பது 70. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜெனரல் மேனேஜரும் அவர் சம்பளத்தில் 85 சதவீதம் செலவழிக்கலாம். பியூனும் அவர் சம்பளத்தில் 85 சதவீதம் செலவழிக்கலாம். அடடா, என்ன சமத்துவம்! அவர் அண்ணா நகரில் ஃப்ளாட் வாங்குவார், இவர் கொருக்குப்பேட்டையில் வீட்டு வாடகை கட்டுவார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்று ஓட்டப்பந்தயம்.

பெரிய கிளப் பெரியதாகவே இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதற்கும் மேல் பெரிய இடத்து சாமர்த்தியம் வேறு. செல்சீ கிளப், தன் ஸ்டேடியத்துப் பக்கத்திலிருக்கிற இரண்டு ஹோட்டல்களை 7 கோடியே 65 லட்சம் பவுண்டுக்கு விற்று லாபம் காட்டியது. வாங்கியது யார்? அதே முதலாளிகளின் இன்னொரு கம்பெனி! வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்றி, வருமானம் வந்ததாக மனைவியிடம் சொல்வது மாதிரி. நம் வீட்டில் செல்லாது. அங்கே லீகின் சட்டத்தில் செல்லுபடி ஆனது.

இந்தியாவில் வேறு வழி பிடித்தார்கள். ஐ.எஸ்.எல். லீகில் சதவீதமெல்லாம் கிடையாது; எல்லா டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. பல சீசன்கள் அது 16.5 கோடி ரூபாய். கோயங்காவின் மோகன் பகானுக்கும் அதேதான், அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக இருக்கிற நம்ம சென்னையின் எஃப்.சி.க்கும் அதேதான். சென்னை 2015-லும் 2018-லும் கோப்பை ஜெயித்தது. 2018 டீமில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார் என்பதை எங்கள் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லட்டுமே!

என் ஓட்டு இந்த முறைக்குத்தான். சதவீதத்தைவிட இது நேர்மை. ஆனால் இதிலும் ஒரு பாதிதான் இருக்கிறது. எவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று எழுதியவர்கள், கொடுக்க முடியாமல் போனால் என்ன என்பதற்கு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. 2025-ல் லீகை நடத்துகிற ஒப்பந்தம் இழுபறியானது. ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது. அதே வாரம் சென்னையின் எஃப்.சி. வேலையையே நிறுத்திவைத்தது. லீக் ஆரம்பித்தது 2026 பிப்ரவரியில். அதுவரை உச்சவரம்பு பத்திரமாகத்தான் இருந்தது. அதைத் தாண்டத்தான் ஆளில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் சென்னை சிட்டி கதை. 2018-19 ஐ-லீகில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்ட்டில் பின்னுக்குத் தள்ளி சாம்பியன் ஆனார்கள். பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். சிங்கப்பூர் கோச், ஸ்பெயினிலிருந்து சில பேர், மிச்சம் நம்மூர்ப் பையன்கள். கோயமுத்தூர் மைதானம் நிரம்பியது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. எல்லாம் சரி, சாம்பியன் மேலே போக வேண்டாமா? அப்போது ஐ-லீகிலிருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏணியே இல்லை! 2023-ல் பஞ்சாப் எஃப்.சி. ஏறியபோதுதான் ஏணி போட்டார்கள். அதற்குள் சென்னை சிட்டி தேசிய லீகிலேயே இல்லை. ஜெயித்ததற்குப் பரிசு மூடுவிழா. அளவாகச் செலவு பண்ணி மேலே வந்தவனுக்கு இந்தக் கதி என்றால், செலவைக் குறை என்று இன்னொரு கிளப்பிடம் எந்த மூஞ்சியோடு சொல்வது?

பழைய ஆபீஸ் டீம்களை நினைத்துப் பார்க்கிறேன். துறைமுகம், கஸ்டம்ஸ், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க்... அங்கேயும் உச்சவரம்பு உண்டு. அதற்குப் பெயர் பே ஸ்கேல்! சென்டர் ஃபார்வர்டுக்கும் கிளார்க்குக்கும் ஒரே கிரேடு. அஞ்சு கோல் போட்டாலும் டி.ஏ. ஏறாது. ஆனால் முப்பத்தஞ்சு வயசில் முட்டி போனால் மறுநாள் காலையில் ஃபைல் தள்ள ஒரு மேஜை இருந்தது, பி.எஃப். இருந்தது. காசிமேட்டு அம்மாக்கள் "பந்து ஆடப் போறேம்மா" என்ற பையனை அடிக்காமல் விட்டது அந்த மேஜையை நம்பித்தான். இப்போது ஒரு வருஷ, இரண்டு வருஷ கான்ட்ராக்ட். கையெழுத்து போட்ட கிளப் அடுத்த வருஷம் இருக்குமா என்பதே கேள்வி.

ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கும் ஒரு பகுதி இருக்கிறது. ஆட்டக்காரனுக்கோ, இன்னொரு கிளப்புக்கோ, வரி ஆபீஸுக்கோ பாக்கி வைக்காதே என்பது. மாலகா என்ற ஸ்பெயின் டீம் 2013-ல் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி வரை போனது. பாக்கி வைத்ததற்காக அடுத்து ஐரோப்பியப் போட்டிக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுமைதான். ஆனால் எந்த கிளப்பாக இருந்தாலும் 'சம்பளத்தைக் கொடு' என்று சொல்வதில் என்ன அநியாயம்?

இதை டீக்கடை நண்பரிடம் எடுத்துவிட்டேன். சீசன் ஆரம்பிக்கும் முன் மொத்த சம்பளத்தையும் பேங்கில் கட்டு, அப்புறம் டாஸ் போடு என்று சட்டம் வந்தால் எப்படி? உச்சவரம்பும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்.

"அப்ப பாதி டீமு கிரவுண்டுக்கே வராதுபா!" என்றார்.

வராதவர்களை ஜூலையிலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஷிப்டுக்கு நேரமாச்சாம்.