நொண்டும் நாய்க்கு மூட்டுவலி ஜெல்லா?

சென்னையில் நாய் அடிபடாத தெரு கிடையாது. ஆட்டோ மோதும். மோட்டார் சைக்கிள் காலில் ஏறும். மோதிய ஆசாமி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாய் மூன்று காலில் நொண்டிக்கொண்டே வந்து ஏதாவது ஒரு கடை வாசலில் சுருண்டு படுக்கும்.

அதற்குப் பரிதாபப்படுகிறவர் கடைக்காரர்தான். "பாவம்ப்பா, கால் வீங்கிப் போச்சு" என்று கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கும் மூட்டுவலி ஜெல்லைப் பிதுக்கித் தடவி விடுகிறார்.

நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசே நாய்க்கு எமனாகிவிடும்!

ட்யூபின் மேல் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. நாய்க்கு ஏது வெளி உபயோகம்? காலில் எதைத் தடவினாலும் அடுத்த நிமிஷம் நக்கி விழுங்கிவிடுமே!

கண்ணாடிக் குடுவையில் சோதனை

பூசும் மருந்து தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க ஆய்வுக்கூடங்களில் ஒரு சோதனை உண்டு. இரண்டு அறை கொண்ட சின்னக் கண்ணாடிக் குடுவை. நடுவே ஒரு துண்டுத் தோல். ஆபரேஷனில் நீக்கிய மனிதத் தோலாக இருக்கும். இல்லையென்றால் பன்றித் தோல். மேலே மருந்தைப் பூசுவார்கள். கீழே திரவம். தோலின் சூடு 32 டிகிரியில் இருக்கும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியது என்று அளப்பார்கள். பல நாடுகள் ஒப்புக்கொண்ட விதிமுறை 2004-ல் வந்தது.

சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குடுவைக்கு நாக்கு கிடையாது. நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது என்பது வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

டைக்ளோபினாக் ஜெல்லையே எடுத்துக்கொள்வோம். மனிதன் முழங்காலில் தேய்த்தால் ரத்தத்தில் கலப்பது, மாத்திரை விழுங்கினால் கலப்பதில் நூற்றுக்கு ஆறு பங்குதான். அதனால்தான் நமக்கு வயிறு தாங்குகிறது.

ஒரு சதவீத ஜெல், 30 கிராம் ட்யூப். அதில் இருக்கும் மருந்து 300 மில்லிகிராம். அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை ஆறு! நக்கினால் தோல் எங்கே தடுக்கும்? நேராக வயிற்றுக்குத்தான். பதினைந்து கிலோ நாய் என்ன ஆகும்? வாந்தி. கறுப்பாகப் பேதி. குடலில் புண், ரத்தக்கசிவு. சிறுநீரகமும் கெடும். 'கால் அடிபட்டுச் செத்துப் போச்சு' என்று நாம் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எஜமானர் தன் காலில் பூசிய வலிக் களிம்பு வினையாகி, அமெரிக்காவில் இரண்டு வீட்டுப் பூனைகள் நோயில் விழுந்தன, சில செத்தன. அந்நாட்டு மருந்துத் துறை 2015-ல் எச்சரிக்கை விட்டது. தோல் புற்றுக்கு மனிதர் பூசும் ஒரு கிரீமால் ஐந்து நாய்கள் செத்ததாக 2017-ல் இன்னொரு எச்சரிக்கை.

நம்ம ஊர்க் கொடுமை இன்னொன்று. சொறி பிடித்த நாய் மேல் மெக்கானிக் ஷெட்டின் கழிவு ஆயிலை ஊற்றுவது. அதையும் நாய் நக்கத்தான் செய்யும்.

காலில் என்ன கோளாறு?

நொண்டும் நாய்க்கெல்லாம் சுளுக்கு என்று யார் சொன்னது? பாதத்தில் முள் இருக்கலாம். தொடை எலும்பு முறிந்திருக்கலாம். முழங்கால் ஜவ்வு அறுந்திருக்கலாம். வெறும் சோறு தின்று வளர்ந்த குட்டிக்கு எலும்பு வளைந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும். பின்கால் இரண்டையும் இழுத்தால் அடி முதுகெலும்பில்.

எக்ஸ்ரே எடுக்காமல் இதெல்லாம் எப்படித் தெரியும்? எலும்பு முறிவுக்குக் கட்டு, கம்பி, பிளேட் எல்லாம் உண்டு. காலையே எடுத்தாலும் மூன்று காலில் ஓடிப் பிழைக்கும். வலிக்கும் மருந்து இருக்கிறது. எடை பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. அங்கே கொண்டு போக ஆட்டோ கிடைக்காது, நாய் என்றால் டிரைவர் முறைப்பார் என்பது தனிக் கதை. சாக்கிலோ பலகையிலோ கிடத்தித் தூக்குங்கள். எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, தள்ளாடும் நாயைத் தொடவே வேண்டாம். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

கழுகுக்கு ஒரு நியாயம்...

இதே டைக்ளோபினாக்கை மாடுகளுக்குப் போட்டதால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடை மருந்தாக அதைத் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. ரொம்ப சரி. கடை வாசலில் கிடக்கும் நாய்க்கு இவ்வளவு பெரிய சட்டம் வேண்டாம். 'நாய், பூனைக்குப் பூசாதே. நக்க விடாதே' என்று ட்யூபில் தமிழில் ஒரு வரி போடச் சொன்னால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? மெடிக்கல் ஷாப்காரரும் "யாருக்குங்க, உங்களுக்கா நாய்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே!

ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் இப்போதே துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடிக்கும், உஷார். நக்கியிருந்தால் டாக்டரிடம் போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எவ்வளவு காலி என்று அவர் முதலில் கேட்பது அதைத்தான்.